லீவே எடுக்காத மாப்பிள்ளை

வங்கிக்கு நூற்றுப் பன்னிரண்டு ஓட்டு, ஃபண்டுக்கு முப்பத்தொன்பது.

கடைக்குட்டி எந்த வேலையில் சேரலாம் என்று போன வாரம் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். நீங்கள் தேர்தலே நடத்திவிட்டீர்கள். அந்த ஃபண்டில் அவளைச் சேர்த்தால் பத்திரிகை வாங்குவதையே நிறுத்திவிடுவேன் என்று ஒரு வாசகி மிரட்டியிருக்கிறார். தாயே, கொஞ்சம் பொறுங்கள். இந்த வாரத்தைப் படித்துவிட்டு நிறுத்துங்கள். எழுதும்போது எனக்கே கை நடுங்கிற்று, ஆகையால் தனியாக நடுங்க விருப்பமில்லை.

இடையில் ஏறியவர்களுக்கு இரண்டு வரி. கடைக்குட்டி என்று வீட்டார் கூப்பிடும் இந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. கணக்கில் கெட்டிக்காரி, மற்றவற்றில் நம்மைப் போலத்தான். சந்தையில் வாங்கி விற்கும் டிரேடர் வேலைக்கு இரண்டு இடங்களில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று பெரிய வங்கி. அங்கே இரண்டு வருடம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள், இதற்கு மேல் தொடாதே என்று எல்லை போடுவார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். மற்றொன்று ஹெட்ஜ் ஃபண்ட். பணக்காரர்களின் பணத்தை வாங்கிப் பெருக்கித் தரும் சின்ன நிறுவனம். மெத்தைக் கடைக்கு மேல் மாடியில் மொத்தம் பதினோரு பேர். முதல் நாளே கையில் ஒரு தொகையைக் கொடுத்து உன் சமர்த்து என்று விட்டுவிடுவார்கள். லாபத்தில் பங்கு உண்டு. ஆனால் நூற்றுக்கு ஐந்து நஷ்டமானால் அன்றைக்கே திரையை அணைத்துவிடுவார்கள்.

நேர்முகத்துக்குப் போனபோது அதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஒருவர் எழுந்தார். தன் காபிக் கோப்பையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மற்ற பத்துப் பேரில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. அதிலிருந்து அவளுக்கு ஃபண்ட் என்றாலே அந்தப் பைதான் ஞாபகம் வருகிறது.

இரண்டு இடத்துக்கும் பதில் சொல்லக் கடைசி நாள் இந்த வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி.

வியாழன் காலை ஆறரைக்கே அவள் எழுந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வங்கியின் படிவம் பதினொரு பக்கம். ஃபண்டின் கடிதம் நான்கே வாக்கியம், அதில் ஒன்று ஃபோன் நம்பர்.

அம்மாவுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிற அம்மா, ஊசி குத்துகிற வேகத்தில்தான் பேசுவாள். அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது, இந்தக் குடும்பத்துக்கு மூத்த மகளின் கணவர்தான் தூண், அவர் இல்லாவிட்டால் உன் காலேஜ் ஃபீஸை யார் கட்டியிருப்பார்கள் என்று வழக்கமான பாட்டைப் பாடி முடித்தாள். அப்புறம் தன் மெடலை எடுத்துக் காட்டினாள். அம்மாவின் மெடல் என்னவென்றால், அந்தப் பெரிய வங்கியிலேயே டிரேடராக இருக்கும் மாப்பிள்ளை லீவே எடுக்காதவர். பேத்தி வாலுவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தபோதுகூட ஆஸ்பத்திரி வராந்தாவில் மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார். நர்ஸுகளே வாயைப் பிளந்தார்களாம். அக்கம்பக்கத்தில் இந்தக் கதை தெரியாத வீடு கிடையாது.

"அவர் உட்கார்ந்த இடத்துல நீ உட்கார்ந்தா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அம்மா பஸ்ஸுக்கு ஓடினாள்.

கடைக்குட்டி படிவத்தைக் கடைசியாக ஒரு தடவை புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. இந்த வங்கியில் பணிபுரியும் உறவினர் விவரம். இரண்டு வாரத்துக்கு முன்பு அத்தான்தான் அதை விட்டுவிடச் சொன்னார். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் இருந்தால் எழுதவேண்டும், அக்கா புருஷன் எல்லாம் அதில் வராது என்றார். பத்து வருடம் அங்கே குப்பை கொட்டியவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பத்தரை மணிக்கு வரச் சொல்லி அத்தானிடமிருந்து செய்தி வந்தது. வங்கிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் கீழே ஒரு காபிக் கடை. அங்கே.

அத்தான் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு காலிக் கோப்பைகள். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, டை நேராக இருந்தது, நகங்களை மட்டும் சதை தெரியக் கடித்து வைத்திருந்தார். அவளுக்குக் காபி சொன்னார். சர்க்கரை இரண்டு கரண்டி என்று கேட்காமலே சொன்னார். சின்ன வயதிலிருந்து அவளைத் தெரிந்த மனிதர்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார். வரும் திங்கட்கிழமை முதல் தான் இரண்டு வாரம் லீவில் போவதாகச் சொன்னார். புதிதாகச் சேருகிறவர்களை லீவில் போனவர்களின் இடத்தில் உட்கார வைத்துப் பழக்குவது அந்த வங்கியின் வழக்கம். மேலே பேசி, தன் நாற்காலியையே அவளுக்கு வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் ஒரு சீனியர் இருப்பார், பெரிய வியாபாரமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார், தேதி மாற்றுவது, ரத்து செய்வது மாதிரிச் சில்லறை வேலைதான் அவளுக்கு.

கடைக்குட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா சொன்னது அரை நாளில் பலித்துவிட்டதே என்று சிரித்தாள். நீங்கள்தான் லீவே எடுக்க மாட்டீர்களே என்று சீண்டியும் பார்த்தாள். இந்த வருஷம் விட மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லி அவரும் சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

பிறகு நான்காக மடித்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். முதல் வாரத்துக்கு ஒரு சின்னப் பயிற்சி என்றார். அவருடைய மணி மணியான கையெழுத்து. மேலே வியாபாரத்தின் எண், நாணயத்தின் பெயர், புதிதாகப் போடவேண்டிய தேதி. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு இந்த எண்ணுள்ள வியாபாரத்தைத் திற. ரத்து செய். அதே தொகை, அதே விலை, இரண்டு வாரம் தள்ளித் தேதி போட்டு மறுபடி எழுது. கீழே ஒரு கோடு போட்டு இன்னொரு வரி: திரையில் சிவப்பு எச்சரிக்கைக் கட்டம் வந்தால் பயப்படாதே, 'ஆம்' அமுக்கு.

அவள் தேதியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். குறும்பாக நிமிர்ந்தாள்.

ஃபண்டின் பரீட்சைக்காக ஒரு மாதம் உட்கார்ந்து எந்தெந்த நாட்டில் எந்தெந்த நாள் வங்கி விடுமுறை என்று உருப்போட்டிருந்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். இரண்டு வாரம் தள்ளி அத்தான் குறித்திருந்த செவ்வாய்க்கிழமையில் அந்த நாணயத்தின் சொந்த நாட்டில் எல்லா வங்கியும் மூடிக்கிடக்கும். பணம் கைமாறவே முடியாத நாள். உண்மையான வியாபாரத்துக்கு யாரும் அந்தத் தேதியைப் போட மாட்டார்கள். எதிர்த்தரப்பு போட விடாது.

"அத்தான், என்னை மாட்டிவிடப் பாத்தீங்கல்ல? அன்னைக்கு லீவு. இந்த டிரேடே நடக்காது."

பயிற்சிக்கு வைத்த பொறியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள், பாவம். பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

அத்தானின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. தாளைத் தன் பக்கம் இழுத்தார். விரலை வைத்துத் தேதியை எண்ணினார். உதடுகள் அசைந்தன. காலண்டரைப் பார்க்காமல் இரண்டு வாரம், இரண்டு வாரம் என்று எண்ணியே பழகிப்போனவர். அந்த எண்ணுகிற விதத்தைப் பார்த்ததும் அவளுக்கு எங்கோ பொறி தட்டியது.

ஃபண்டின் தலைவர், நாம் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுகிறோமே அவர், நேர்முகத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒரு வங்கியில் நீ யாரைப் பார்த்துப் பயப்படவேண்டும் என்று. நிறைய நஷ்டம் பண்ணுகிற ஆளைப் பார்த்து என்று இவள் சொன்னாள். அவர் தலையாட்டி மறுத்தார். "லீவே போடாத ஆளைப் பாத்து," என்றார். அம்மாவின் மெடல் ஞாபகம் வந்து அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வங்கிகளில் டிரேடர்களுக்கு இப்படி ஒரு விதி இருக்கிறது, வாசகர்களே. வருடத்தில் தொடர்ந்து பத்து வேலை நாள் லீவு எடுத்தே தீரவேண்டும். கம்ப்யூட்டரில் நுழைய முடியாதபடி பூட்டிவிடுவார்கள், கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. களைத்துப் போயிருப்பார், போய்ப் பிள்ளைகுட்டிகளோடு இருக்கட்டும் என்கிற கரிசனம் என்று நினைக்காதீர்கள். அவர் இல்லாத நாளில் வேறு ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான், தினம் தினம் கைவைத்து எதையாவது அமுக்கிப் பிடித்திருக்கிறாரா என்பது தெரியும். அத்தான் இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார். ஒரு தடவை காரணம் வாலுவின் தொண்டை.

"இது நிஜ டிரேடா, அத்தான்?"

 காபிக் கடைக்காரர் பக்கத்து மேசையைத் துடைத்துவிட்டுப் போகிறவரை அவர் காத்திருந்தார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாணயம் ஏறும் என்று வாங்கினார். இறங்கியது. அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டு, ஒரு வருட போனஸ், அதோடு போயிருக்கும். நாளைக்கு ஏறிவிடும் என்று, அதே அளவுக்கு வேறொரு நிறுவனத்திடம் விற்றுவிட்டதாகப் பொய்யாக ஒரு வரி எழுதி வைத்தார். எழுதியதும் நஷ்டம் தாளில் மறைந்துவிட்டது. நிஜத்தில் வளர்ந்துகொண்டே போயிற்று. பதினைந்தாம் நாள் எதிர்த்தரப்பிடம் சரிபார்க்கக் கடிதம் தானாகப் போகும். அதற்கு முந்தின நாள் ரத்து செய்து மறுபடி எழுதினால் எண்ணிக்கை முதலில் இருந்து ஓடும். ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய். பதினேழு தடவை செய்துவிட்டார். பதினெட்டாவது வரும் செவ்வாய். அன்றைக்கு அவர் உள்ளே இருக்க முடியாது.

எவ்வளவு என்று அவள் கேட்டாள். சொன்னார். அவர்கள் குடியிருக்கும் வீட்டைப் போல நாற்பது வீடு வாங்கலாம்.

 எதிரே இருப்பவர் அவளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வந்தவர். இப்போது அவர் தன்னை ஒரு மூடியாகப் பார்த்து, அளவு சரியாக இருக்குமா என்று கணக்குப் போட்டு, வங்கிதான் நல்லது வங்கிதான் நல்லது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் காலிக் கட்டத்தையும் அதற்குத்தான் காலியாக வைத்தார். அப்படி நினைத்ததும் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பயம்தான் வந்தது. 

"ஒரே ஒரு தடவை, குட்டி. ஒரு வரி. அடுத்தது வர்றதுக்குள்ள நான் திரும்பி வந்துடுவேன்," என்றார். "ஒரு பைசா நான் வீட்டுக்குக் கொண்டு வரல. அது உனக்குத் தெரியும்."

அது உண்மைதான். அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. திருடனாக இருந்தால் எங்கேயாவது பணம் இருக்கும், திருப்பிக் கொடுக்கலாம். இங்கே பணமே இல்லை, ஓட்டைதான் இருக்கிறது.

முடியாது என்று அவள் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று அத்தான் கேட்டுக்கொண்டார். வாலு ஸ்கூலில் இருந்து வரும்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார் என்றார். தாளை அவள் பைக்குள் அவரே வைத்தார்.

ஒரு மணிக்கு அவள் அக்காவின் காரில் இருந்தாள்.

அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கார் கூரையில் மஞ்சள் பலகை, பயிற்சி கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக். இரண்டு மாணவர்களுக்கு நடுவே கிடைக்கிற இருபது நிமிடத்தில் காரை ஓரம் கட்டி ரொட்டி சாப்பிடுவாள். காலையில் வந்த கறிக்கடைக்காரரைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். கையில் கத்தி எடுத்தால் கண் இமைக்காத மனிதர், ரோட்டில் ஒரு புறா உட்கார்ந்திருந்தால் இரண்டு காலையும் பிரேக்கில் வைத்து எழுந்தே நிற்கிறாராம்.

கடைக்குட்டியும் சிரித்து வைத்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். வாயைத் திறந்தால் அக்கா ரொட்டியில் இருக்கும் காய்ந்த ஓரத்தைப் பிய்த்து வாலுவுக்கு ஆகாது என்று பழக்கதோஷத்தில் தனியாக வைக்கிறாள். அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் கவனித்தாள். கார் நின்றுதான் இருந்தது. என்ஜின்கூட ஓடவில்லை. ஆனால் அக்காவின் கால் அந்த இரண்டாவது பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டியில் உட்காருகிறவள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

எத்தனை மணிக்குப் படிவத்தைக் கொடுக்கப் போகிறாய் என்று அக்கா கேட்டாள். அத்தான் பெயரை எங்கேயும் போடவில்லையே என்றும் கேட்டாள். இல்லை என்றதும் சரி என்று தலையாட்டி, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தாள்.

"நீ அங்க சேந்துட்டா எனக்கு நிம்மதியா தூக்கம் வரும்டி," என்றாள்.

தங்கை மேல் எவ்வளவு பாசம் என்று அப்போது கடைக்குட்டிக்குத் தோன்றியது. உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அடுத்த மாணவி வந்து கண்ணாடியைத் தட்டினாள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கிவிட்டாள்.

மூன்று மணி நேரம் தெருத்தெருவாக நடந்தாள். மெத்தைக் கடை வாசல்வரைகூடப் போனாள். மேல் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. பையோடு போன அந்த மனிதரை நினைத்துக்கொண்டாள். அவருக்கு நஷ்டம் வந்தது, அது அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்தது, கோப்பையை எடுத்துக்கொண்டு வெயில் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். இத்தனை நாள் அதைக் கொடுமை என்று நினைத்தோமே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் மாடிப்படியில் கால் வைக்கத் தைரியம் வரவில்லை.

நாலே காலுக்கு வங்கியின் கீழ்த்தளத்தில் நின்றாள். பளிங்குத் தரை, தொட்டியில் நிஜமா பொய்யா என்று தெரியாத செடி, மூன்று லிஃப்ட். ஃபோன் செய்து அத்தானைக் கீழே வரச் சொன்னாள். வந்தார். தூணுக்குப் பின்னால் நின்று பேசினார்கள்.

தான் 'ஆம்' அமுக்கப் போவதில்லை என்று சொன்னாள்.  ஒன்பதாவது மாடியில், தவறுகளை விசாரிக்கிற கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. வேறு யாரோ கண்டுபிடிப்பதற்கு முன்பு அவரே போய்ச் சொன்னால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும், தண்டனையும் குறையலாம் என்று கெஞ்சினாள். ஐந்து மணிவரை இங்கேயே நிற்பதாகச் சொன்னாள்.

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. டையைத் தளர்த்தினார். பிறகு அவள் தலையில் கை வைத்தார். கை சில்லென்றிருந்தது.

"சரி, குட்டி. போறேன். நீ சொல்றதுதான் சரி."

நடு லிஃப்டில் ஏறினார். கதவு மூடுகிறவரை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைக்குட்டி தப்பித்தோம் என்று நினைத்தாள். கதவுக்கு மேலே சிவப்பில் எண் மாறியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கில் நின்றது.

யாராவது ஏறுவார்கள், மறுபடி நகரும் என்று பார்த்தாள். நகரவில்லை. நாலாவது மாடியில் அத்தானின் மேசை இருக்கிறது. சற்று நேரத்தில் எண் இறங்கத் தொடங்கியது. மூன்று, இரண்டு, ஒன்று. கதவு திறந்து, காலி அட்டைப் பெட்டிகளோடு ஒரு ஊழியர் வெளியே வந்தார். வேறு யாரும் இல்லை. மற்ற இரண்டு லிஃப்ட்களையும் பார்த்தாள், ஒன்று பழுது, ஒன்று கீழேயே நின்றது. படியில் போகலாமே, ஐந்து மாடிதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மேலே என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். லீவுக்கு முன்பே தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று பார்க்கிறார். பதினெட்டாவது தடவை.

மணி நாலு நாற்பத்தொன்று.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே படிவத்தை வாங்கி, எச்சில் தொடாமல் ரப்பர் விரலுறையால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பதினோராம் பக்கத்தில் நின்றாள். காலியாக விட்டால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றாள். யாரும் இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதிக் கொடுங்கள், அவ்வளவுதான் என்று நூலில் கட்டிய பேனாவை நீட்டினாள்.

மூன்றே எழுத்து. எழுதிவிட்டுப் போயிருக்கலாம். திங்கட்கிழமை நாற்காலி கிடைக்கும், அம்மாவுக்கு இன்னொரு மெடல் கிடைக்கும், வாலு ஸ்கூலில் இருந்து வரும்போது வீட்டில் அப்பா இருப்பார். இன்னும் இரண்டு வாரத்துக்கு இருப்பார். அதற்கடுத்த இரண்டு வாரத்துக்கும் இருப்பார். அப்புறம் கடைக்குட்டியும் விரல் விட்டு எண்ணப் பழகிவிடுவாள். லீவே எடுக்க மாட்டாள்.

பேனா வழுக்கியது. உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். உறவு என்ற இடத்தில் 'அக்காவின் கணவர்' என்று எழுதினாள். பிரிவு என்ற இடத்தில் 'அந்நிய நாணயம், நாலாவது மாடி' என்று எழுதினாள். அவர் பெயரை எழுதும்போது கையெழுத்து கோணலாகி, கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

வரவேற்புப் பெண் அதைப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். உறவினர் இருந்தால் இது முதலில் ஒன்பதாவது மாடிக்குப் போகும், அவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் வேலையில் சேர முடியும் என்று விளக்கினாள். நேரத்தைக் குறித்து முத்திரை குத்தினாள். வழக்கமாக எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அவங்க கூப்பிட்டா, உறவுக்காரர் சம்பந்தமா சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?"

கடைக்குட்டி லிஃப்டின் மேலே பார்த்தாள்.

"இருக்கு," என்றாள்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ஃபோனை எடுத்தாள்.

மணி நாலு ஐம்பத்து மூன்று. ஃபண்டுக்குச் சொல்ல இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. அக்கா வீட்டை இடித்துத் தள்ளிவிட்டோம் என்று கடைக்குட்டி பயந்தாள். அந்தப் பயத்தோடேயே கண்ணாடிக்காரரின் எண்ணைத் தேடி எடுத்தாள். அழுத்தப் போகிற நேரத்தில் கைக்குள்ளேயே ஃபோன் அடித்தது. அக்கா.

என்ன சொல்வது, எங்கே இருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையில் கார் ஓடும் சத்தம் இல்லை. அக்கா எங்கேயோ ஓரம் கட்டி நிறுத்தியிருந்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அவர் எந்த மாடிக்குப் போனாரு?" என்று கேட்டாள் அக்கா. "நாலா, ஒன்பதா?"